பதினேழாம் எண் போத்தல்

ஊசி பட்டதும் செல் மின்னியது.

மின்னியிருக்கக் கூடாது. துளசி கண்ணாடி ஊசியின் முனையால் பக்கத்துச் செல்லை மெல்ல அழுத்தினாள். நுண்ணோக்கித் திரையில் அதுவும் பச்சையாய் ஒளிர்ந்து அடங்கியது.

கெடோலினியம் குளோரைடு கலந்த கரைசலை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அது ஓர் அருமண் உப்பு. தொடுவதை உணர்வதற்காகச் செல்லின் தோலில் இருக்கும் சிறு வாசல்களை அடைத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் செல்லுக்கு எதுவும் தெரியாது. ஈப்போவின் இந்த ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது.

"இதுங்களுக்குச் சூடு சொரணை வந்திருச்சுலா டாக்டர்," என்றான் கோகிலன்.

டாக்டர் அஃப்ரீன் சிரிக்கவில்லை. கரைசல் இருந்த போத்தலை விளக்குக்கு நேரே தூக்கி மெல்ல ஆட்டினார். அடியிலிருந்து வெள்ளையாய் ஏதோ சுழன்று எழுந்தது, தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விழுந்தாற்போல.

பாஸ்பேட்.

பாஸ்பேட் உள்ள கரைசலில் கெடோலினியத்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து வெண்படிவாகிவிடும். வாசல்களை அடைக்க எதுவும் மிஞ்சாது. இங்கே வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

மூன்று வாரம் வளர்த்த செல்கள் வீண்.

எல்லாரும் கோகிலனைப் பார்த்தார்கள். இந்த வருடத்தில் இரண்டு முறை தவறு செய்திருந்தான். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று அவனுக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல டாக்டர்," என்றான். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

போத்தலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பதினேழு. கலந்தவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கும். பதிவேடு துளசியின் பொறுப்பு.

அவள் எழுந்து போய் அதை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள்.

உப்பு எட்டு கிராம். பாஸ்பேட் ஒன்று புள்ளி நான்கு நான்கு கிராம். காலை 9.40. ஓர் அடித்தல்கூட இல்லை. குறிப்பு என்ற கட்டத்தில், 'விசேஷம் ஏதுமில்லை.' கீழே அவளுடைய கையெழுத்து.

பதற்றம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, எண் பதியப்படவில்லை என்று சொல்லலாம். யாரும் அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். கோகிலன் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"நாந்தான் டாக்டர்."

"என்னைக் காப்பாத்துறியா?" என்றான் கோகிலன். "சும்மா இருலா."

டாக்டர் பதிவேட்டை வாங்கிக்கொண்டார். அளவுகளைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு விரல் மேலே போய்த் தேதியில் நின்றது.

"அன்னிக்கு நீ லீவுல இருந்தியே துளசி. உங்கப்பாவுக்கு..."

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

அன்று காலை, அவள் ஊரான சுங்காயில், அண்ணன்கள் அப்பாவின் சாம்பலுக்குப் பால் தெளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உணவு மாற்றாவிட்டால் செல்கள் செத்துவிடும், தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் முதல் பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்துவிட்டாள்.

அன்றைய முறை கோகிலனுடையது. அவள் வருவதற்குள் அவன் உணவு மாற்றி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தான்.

செய்ய வேறு வேலை இல்லை. ஒரு போத்தல் கரைசல் கலந்து வைத்தாள்.