தூக்கிச் சாத்தும் கதவு

அபிராமத்து வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விட்டிருந்தார் தங்கப்பாண்டி. சொந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்பதே அவருக்குக் கசந்தது. பின்கதவைத் தோளால் தூக்கிச் சாத்தினால்தான் தாழ்ப்பாள் விழும். குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த அந்தப் பக்குவத்தைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

குடிவந்த பிரெசில்லா டீச்சர் சிரித்தாள். “தெரியும் அய்யா. உங்க மகதான் சொல்லிக்குடுத்தாக.”

“எனக்கு ரெண்டும் ஆம்பளைப் பிள்ளைக.”

“அப்படித்தான் சொல்லுவீகன்னு அவுகளும் சொன்னாக. வெள்ளிக்கிழமைதோறும் பின்வாசல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிப்பாக. கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டாக. அய்யா கோவிப்பாராம். இன்னைக்கும் வர்ற நேரந்தான்.”

அவர் மகள் மாரிச்செல்வி வேற்றுச் சாதிக்காரனோடு போனவள். ஒரு வருஷம் கழித்து அந்தப் பின்வாசலில் வந்து நின்றபோது, குடும்ப மானம் பெரிதென்று அவர் கதவைச் சாத்தினார். மூன்றாம் நாள் அவளைக் கண்மாயிலிருந்து பிணமாகத் தூக்கிவந்து எரித்தார்கள். அவர் சுடுகாட்டுக்குக்கூடப் போகவில்லை. பதினோரு வருஷமாகிறது.

“இனி இந்தக் கதவைத் திறக்கக்கூடாது” என்று அவரே பின்கதவைச் சாத்தப் போனார். எழுபது வயதில் கதவு கனத்தது. தோளைக் கொடுத்து முக்கினார்.

வெளியிலிருந்து யாரோ பதமாகத் தூக்கிக்கொடுத்தார்கள். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது.