காத்து கம்மி

கல்வராயன் மலையில் காற்றாலை வரக்கூடாது என்று முதலில் கிளம்பியவர், அடிவாரத்தில் மானாவாரியாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த பூமாலை. காத்தாடி சுற்றினால் மழை மேகம் கலைந்துவிடும் என்று ஊரையே நம்பவைத்திருந்தார்.

எண்பத்தேழாம் வருஷம். பொறியாளர் விஜயலட்சுமி வேர்த்து விறுவிறுத்து நடந்தே வந்து சேர்ந்தார். ஊரே மறித்துக்கொண்டது.

“ரோடு பூரா மரத்தை வெட்டிப் போட்டது நீங்கதானா?”

“அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம்ங்க. இது காத்தாடிப் போராட்டம்,” என்று பூமாலை விளக்கினார்.

“நான் சொல்ல வந்தது...”

“நீங்க இன்னா சொன்னாலும் கேக்க மாட்டோம். இங்க காத்தாடி வராதுன்னு கையெழுத்துப் போடுங்க. அப்பதான் விடுவோம்.”

விஜயலட்சுமி உடனே போட்டுக் கொடுத்தார். விசில் பறந்தது. பூமாலையைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

“இன்னாங்க, இவ்ளோ சுளுவா ஒத்துக்கினீங்க?”

“அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு வருஷமா அளந்து பார்த்தோம். உங்க மலையில காத்து கம்மி. தியாகதுருகம் குன்றுலதான் ஜாஸ்தி. காத்தாடி அங்கதான்.”

பூமாலை தோளிலிருந்து குதித்தார். தியாகதுருகம், மகள் கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்று இன்னமும் சொல்லித் திரியும் சம்பந்தியின் ஊர்.

“அந்தக் குன்றுல அடிக்கிற காத்து எங்க மலையில இல்லியா? எவன் அளந்தது?”

“அட, நம்ம மழை மேகம் கலைஞ்சிடுமே?” என்றாள் அவர் மனைவி ராணியம்மாள்.

“கலைஞ்சா கலையட்டும்டி! டேய், காத்து ஜாஸ்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தம்மாவ விடாதீங்க!”