ஓங்கிய கை

பெனிட்டா வடிவமைத்த வாள்சண்டை விளையாட்டில் கையில் வாள் இருக்காது. மணிக்கட்டில் ஒரு பட்டை மட்டும் இருக்கும். எதிராளி எங்கிருந்து வெட்டினாலும் அந்த வேகம் அப்படியே நம் கையில் வந்து இறங்கும். பலமில்லாத அடிகளைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்று நிறுவனத்தில் சொல்லிப் பார்த்தார்கள். "அடிக்கிறவங்க கை எப்படியோ, அப்படித்தான் தெரியணும்" என்று அவள் மறுத்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து அவள், நாகர்கோவிலில் தனியாக இருக்கும் அம்மா ஸ்டெல்லாபாயுடன் இணையம் வழியே இதில் மோதுவாள். அம்மா ஒரு காலத்தில் கபடிப் பயிற்சியாளர். அவள் வெட்டினால் பெனிட்டாவின் தோள்பட்டையே அதிரும். அன்று மட்டும் யாரோ தொட்டுக் கூப்பிட்டதுபோல இருந்தது.

"அம்மா, எனக்காக விட்டுக்குடுக்காத."

"விட்டுக்குடுக்கேனா? நல்லா ஓங்கித்தான் போட்டேன் மக்ளே."

அம்மா விளையாட்டில் பொய் சொல்ல மாட்டாள். பட்டையும் சொல்லாது. பெனிட்டா உடனே அம்மாவின் பக்கத்து வீட்டு சுயம்பு அண்ணனை அழைத்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்று அடம்பிடித்த அம்மாவை அவர் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கவாதத்தின் தொடக்கம் என்றும், நல்ல வேளையாகச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றும் டாக்டர் சொன்னார்.

சில மாதங்களுக்குப் பிறகும் வலக்கை முழுதாகத் தேறவில்லை. அம்மா பட்டையை இடக்கையில் கட்டிக்கொண்டு மறுபடி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். முதல் வெட்டிலேயே பெனிட்டா தடுமாறிச் சோபாவில் விழுந்தாள்.

"எந்திரி மக்ளே," என்றாள் அம்மா. "நான் இன்னும் தொடங்கவே இல்ல."