பன்னிரண்டுக்கு அப்புறம்

கையில் அரிசியோடு மனைவியின் தலைமாட்டில் நின்றார் சிங்காரவேலு. அமிர்தவல்லியைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட அவர் குனிய வேண்டும். ஆனால் இடுப்பிலிருந்து கழுத்துவரை இறுகியிருந்த முதுகுப்பட்டை விடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மாட்டிவிடும் பட்டை அது.

"இன்றைய பயிற்சி பாக்கி. இருபது முறை இடுப்பைத் தூக்கினால்தான் குனிய முடியும்" என்றது பட்டை, இனிமையாக.

மண்டியிட்டுப் பார்த்தார். கை எட்டவில்லை.

"கழட்டித் தொலைங்க மாமா" என்றார் மருமகன்.

"என்னால முடியாது மாப்ள. ஆஸ்பத்திரிக்காரங்கதான் வரணும். நாளைக்குத்தான் வருவாங்களாம்."

வாசலில் சுடுகாட்டு வண்டி வந்து நின்றுவிட்டது.

"என்னை இவ பக்கத்துல படுக்க வைங்க."

பலகையைச் சாய்ப்பதுபோல் இரண்டு பேர் அவரைக் கிடத்தினார்கள். தினமும் காலையில் இருவரும் இப்படித்தான் பாய் விரித்துப் படுப்பார்கள். அவர் இடுப்பைத் தூக்கத் தூக்க அவள் எண்ணுவாள். பாவம் பார்த்து, பன்னிரண்டுக்கு அப்புறம் பதினைந்து என்பாள். பட்டை திருத்தும். "உன்னை யாரு கேட்டா?" என்று அதைத் திட்டுவாள்.

அரிசியை இறுக மூடிக்கொண்டு இடுப்பைத் தூக்க ஆரம்பித்தார். சொந்தபந்தம் சுற்றி நின்று பார்த்தது. பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. மறுபடி ஒருமுறை தூக்கினார்.

"பதினஞ்சு" என்றார் சத்தமாக.

"பதின்மூன்று" என்றது பட்டை.

யாரும் அதைத் திட்டவில்லை.