கருகாத ஈர்க்கு

ஹைட்ரஜன் எரிந்தால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்தச் சின்ன ஆய்வு நிறுவனத்தில், சோதனைக்கூடத்துக்குள் போகிறவர் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார். ஈர்க்கு கருகினால் நின்றுவிட வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்த காலையில், "வாசல்லயே துடைப்பமா? விளங்கினாப்லதான்!" என்று பங்குதாரர் யசோதரா அதை எடுத்து ஒளித்துவைத்தாள். நிறுவனர் இருதயராஜின் கை வழக்கமான மூலையில் ஒருகணம் துழாவியது. விருந்தாளிகள் பின்னால் நிற்கவே, "வாங்க சார்," என்று சிரித்தபடி வெறுங்கையோடு முதலில் நுழைந்தார். அவர் சட்டை தானாகச் சுருங்கிக் கருகுவதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். துக்கம் விசாரிக்கப் போன யசோதராவின் கையில் அந்தத் துடைப்பம் இருந்தது. வாசலில் நின்று அதை வீட்டுக்குள் நீட்டினாள். "உள்ள வாங்க," என்றாள் இருதயராஜின் மனைவி, அமைதியாக. ஈர்க்கு ஒன்றுகூடக் கருகவில்லை. ஆனாலும் யசோதரா வாசற்படியைத் தாண்டவில்லை.