கழற்றச் சொல்லாத ஆறு பேர்

ஆறாவது பையனும் டார்ச்சை அணைத்து, "நார்மல், மேடம்" என்று நகர்ந்தபோது, நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவளுக்குத் தாடை வலித்ததைவிட வயிறு எரிந்தது.

என்னத்தை நார்மல்.

ஆறு பேரும் ஒரே மாதிரிதான். நாக்கை நீட்டச் சொன்னார்கள். 'ஆ' சொல்லச் சொன்னார்கள். பல்லைப் பக்கத்து வீட்டு வேலி மாதிரி தாண்டிக் குதித்துத் தொண்டைக்குப் போய்விட்டார்கள்.

மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருடம் உடம்பு முழுக்கப் படிக்கிறார்கள். பல், வேறு கல்லூரியின் சமாசாரம் என்று வாயை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே பொது மருத்துவப் பாடம் நடத்தும் இவளுடைய மகள்தான், தலைகீழாக நின்று, வாரத்தில் ஒரு மதியத்தை வாங்கியிருந்தாள். வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க.

அந்த மதியத்துக்கும் இன்றைக்குக் கெடு. கடைசி வரிசையில் துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மாணவர்கள், ஒரு வாய். அதில் இருப்பதை ஒருவராவது கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த வருடம் இந்த வகுப்பு கிடையாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

வாய் இவளுடையது. இவள் யாருடைய அம்மா என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

தெருவில் சொல்லிவிட்டு வந்தது வேறு. "காலேஜ்ல பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்று இஸ்திரிக் கடையிலிருந்து மாடி வீடு வரை ஒரு சுற்று சொல்லியாயிற்று. எட்டாவதோடு நின்றவள் டாக்டர்களுக்கு என்ன பாடம் எடுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மகள் புராணம் இன்னும் அரை மணி நேரம் நீளும்.

சொல்லாமல் விட்டது பல் செட்டை. நாற்பத்திரண்டு வயதில் மேலும் கீழுமாகக் கட்டிய முழு செட். அதைக் கழற்றிய முகத்தைக் கட்டிய புருஷனே பார்த்ததில்லை. தெருவில் அவளுக்கு 'முத்துச்சிரிப்பு' என்றே பெயர். அது செட் என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

அந்தக் கீழ் செட்டுக்கு அடியில், ஈறும் நாக்கும் சேருகிற இடத்தில், போன வருடம் வெள்ளையாக ஒரு படை வந்தது. எரிந்தது. ஒரு டாக்டர் மூன்று முறை டார்ச் அடித்துப் பார்த்து, மூன்று முறையும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு வேறொருவர் செட்டைக் கழற்றச் சொன்னார். புற்று. நல்லவேளை, சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தாயிற்று. இப்போது அங்கே விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம்.

வகுப்புக்கு வர மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "அம்மா, நீயா எதையும் காட்டிக் குடுக்கக் கூடாது."

அம்மாவும் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அது அப்புறம்.

ஆறாவது பையனிடம் மனசு கேட்காமல், நாக்கால் செட்டை நெம்பி 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவன் ஏசியை அண்ணாந்து பார்த்தான். மகள் அம்மாவை முறைத்தாள்.

ஏழாவதாக வந்தவள் ஒரு குச்சிப் பெண். மரக்குச்சியைக் கீழே போட்டாள். வேறு எடுத்தாள். கையுறையை மாற்றினாள். துறைத் தலைவர் மணி பார்த்தார்.

இது எங்கே உருப்படப் போகிறது என்று முத்துச்சிரிப்பு நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. போய்த் திரையை இழுத்து மற்றவர்களை மறைத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வந்து கையில் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, செட் போட்டிருக்கீங்கல்ல, கழட்டித் தர்றீங்களா? யாரும் பார்க்க மாட்டாங்க."

புருஷனுக்குக் காட்டாத முகத்தை அவளுக்குக் காட்டினாள்.

உறை போட்ட விரல் ஈறு வழியாக மெல்ல நகர்ந்து, நாக்கை ஒதுக்கி, பள்ளத்தில் வந்து நின்றது.

"மேடம், இங்க எதையோ வெட்டி எடுத்திருக்காங்க."

துறைத் தலைவர் எழுந்தே வந்துவிட்டார். வந்த வேகத்தில் திரையும் விலகியது. அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிய ஆட்டலில் அடுத்த வருட வகுப்பு நிச்சயமாகிவிட்டது. ஆறு பேரும் கழுத்தை நீட்ட, முத்துச்சிரிப்பு அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் சத்து மாத்திரைக் கதையைச் சொன்னாள்.

"மூணு தடவை பார்த்தும் விட்டாச்சா? யாரு மேடம் அந்த மேதாவி?" என்று கேட்டான் ஏசியைப் பார்த்தவன்.

அம்மாவின் நிபந்தனை இந்தக் கேள்விக்காகத்தான். யார் கேட்டாலும் பெயர் மறந்துவிட்டது என்று அவள் சொல்லிவிடுவாள். மகள் வாயைத் திறக்கக் கூடாது. பொத்திய கைக்குள்ளிருந்தே ஆரம்பித்தாள். "பேரு எங்கேப்பா ஞாபகம் இருக்கு..."

"நான்தான்" என்றாள் மகள்.

இப்போது நிஜமாகவே ஏசி சத்தம் கேட்டது.

"இவங்க எங்க அம்மா. செட்டைக் கழட்டும்மான்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இன்னிக்கு உங்க ஆறு பேருக்கும் அதேதான். எழுதிக்கோங்க."

எழுதினார்கள். துறைத் தலைவரும் சட்டைப்பையில் பேனாவைத் தடவினார்.

மகள் முதல் மார்க் வாங்கியது, மெடல் வாங்கியது எல்லாம் அன்றன்றைக்கே தெருவுக்குப் போய்ச் சேர்ந்தவை. இதை எந்த வீட்டு வாசலில் ஆரம்பிப்பது என்று முத்துச்சிரிப்பு யோசித்தாள். இஸ்திரிக் கடையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

செட் இன்னும் கிண்ணத்தில்தான் இருந்தது.