கூடத்துத் திமிங்கிலம்

“வாலைக் கொஞ்சம் தள்ளி வெக்கக் கூடாதா? சமையல்கட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள இடுப்பு ஒடியுது” என்றாள் மனைவி, டீயோடு குனிந்து வந்தபடி.

“சும்மா இரு. நான் திமிங்கிலம் செய்யறதை ஆயிரம் பேர் நேரலையில பார்த்துட்டிருக்காங்க” என்றான் சிற்பி.

ஒரு மாதமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது அது. சோபா மொட்டை மாடிக்குப் போயாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் வந்தார். “தாகமா இருக்கும்மா” என்றவர், அவள் தடுப்பதற்குள் திமிங்கிலத்தின் வாய்க்குள் புகுந்து, வால் வழியாக வெளியேறி, சமையல்கட்டில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஸ்டாண்டில் இருந்த செல்போனில் பார்வையாளர்களின் திட்டு மழையாகக் கொட்டியது.

சிற்பி முகத்திலிருந்த வி.ஆர். கண்ணாடியைக் கழற்றி, சமையல்கட்டு வாசலில் நின்றவரிடம் நீட்டினான். “என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு நீங்களே பாருங்க மச்சான்.”

மாட்டிப் பார்த்தவரின் முகம் வெளிறியது. “தெரியாம நடந்துபோச்சு மாப்பிள்ளை” என்று கழற்றிக் கொடுத்தார். எதிரே கூடம் காலியாகக் கிடந்தது.

“நான் கிளம்பறேம்மா” என்றவர், குனிந்து, சுவரோடு ஒட்டி நடந்து, வாசலுக்கு வந்ததும் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருக்கணும்ணா” என்றாள் தங்கை.